மருத்துவரோடு நான் வென்ற விவாதம்

இதை வாசிக்கும் நீங்கள் எனக்குச் சாட்சியாக வேண்டும். உங்கள் வீட்டிலும் நீண்ட நாள் விழுங்க வேண்டிய குளிசைகள் (மாத்திரைகள்) இருக்கலாம். ஆகவேதான் உங்களை அழைக்கிறேன்.

ஆழிப்பேரலைக்குப் பின், கல்லடி என்ற எங்கள் கடலோர ஊரில் வீட்டை இழந்து முகாமில் இருந்தபோது என் விரல் மூட்டுகள் வீங்கின, கன்னங்கள் சிவந்தன. "தண்ணி வரிசையில வெயிலுக்க நிண்டதுதான் மனே," என்றார் அம்மா. அந்நாளில் எங்கள் எல்லா வருத்தங்களுக்கும் கடலோ வெயிலோ காரணமாயிருந்தது.

உள்நாட்டு யுத்தத்தின் இறுதிக் காலத்தில்தான் நோயின் பெயர் கிடைத்தது: லூபஸ் (உடலின் காவலே உடலைத் தாக்கும் நோய்). ஒவ்வோர் உயிரணுவிலும் புரதம் கட்டும் பட்டறைகள் உண்டு, அவை ரைபோசோம்கள். அப்பட்டறைகளின் சொந்தப் புரதங்களையே என் இரத்தம் பகையாகக் குறித்து, எதிர்பொருள் (பகையைத் தாக்கும் புரதம்) உண்டாக்கியிருந்தது.

"இது இருக்கிற சிலருக்கு மூளையிலயும் அழற்சி வரலாம், தம்பி. மனம் குழம்பும்," என்றார் மருத்துவர்.

"சிலருக்கு என்பது எனக்கும் என்றாகுமா, டொக்டர்?"

அவர் சிரித்தார். "விவாதத்தில நீங்கதான் வெண்டீங்க. குளிசையை மட்டும் விடாதீங்க."

ஸ்டீரொயிட் (அழற்சியை அடக்கும் மருந்து) என் முகத்தை ஊதவைத்தது. "அண்ணா, மேடைக்கு உங்கட கன்னம் முதல் போகும், நீங்க பிறகு போவீங்க," என்றாள் தங்கை. நான் பேசவிருந்த விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று, ஊர் மண்டபத்தில், நெருங்கியது. எவரிடமும் சொல்லாமல் குளிசைகளை நிறுத்தினேன்.

மேடையில் என் முறை வந்தது. மூன்று கருத்துகளை நிறுவியிருப்பேன்; மண்டபத்தின் பின்னால் அலை இரைந்தது. எனக்கு மட்டுமே இரைந்தது.

"கடல் வருது! ஓடுங்க!"

எதிரணியை அடக்கப் பயிற்றிய என் குரல் அது. கல்லடிச் சனம் ஆதாரம் கேட்கவில்லை. அமர்ந்திருந்த கதிரைகள் சரிந்தன; ஊர்ப் பாலம்வரை ஓடினார்கள். என் பேச்சைக் கேட்க வந்து நெரிசலில் விழுந்த அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது.

பிள்ளைக்குக் கடற்பயம் என்றார்கள் அயலவர். அம்மாவோ கட்டுப்போட்ட கையோடு என் புத்தகப் பையைக் கிளறி, விழுங்காத குளிசைகளை மருத்துவரின் மேசையில் கொட்டினார். அவர் என்னோடு வாதிடவில்லை. மூளை அழற்சிக்கு ஊசி மருந்தைத் தொடங்கினார். சில வாரங்களில் அலை ஓய்ந்தது. குழம்பிய சொற்கள் ஒவ்வொன்றாக மீண்டன.

இன்று என் பொழுது சூரியனோடன்று, காலைக் குளிசையோடு விடிகிறது. உடல் எனக்குச் சொந்தம் என்று எண்ணியிருந்தேன். அது தவறினால் ஓடுபவர்கள் வேறு பலர்.

யுத்தம் முடிந்தபின் அதே மண்டபத்தில் மீண்டும் ஏறினேன். ஒலிவாங்கியைத் தொட்டதுமே முன்வரிசை மீனவர் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டார்: "தம்பி, இருக்கிறதா, ஓடுறதா?"

மண்டபம் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். நான் உரத்துச் சொன்னேன்:

"இருங்கள்! மருத்துவர் சொல்லாமல் ஒரு குளிசையையும் இனி விடமாட்டேன். விட்டேன் என்று அம்மா சொன்னால், இந்த ஒலிவாங்கியை என் கையிலிருந்து பறியுங்கள். அன்று நான் வாதாடமாட்டேன்."