மூன்றாவது ஆர்ம்

எங்கள் தெருவில் பாதிப் பேர் சிரிப்பது என் அத்தான் செய்த பல்லில்தான். பல் டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அத்தான் பின்னறையில் உட்கார்ந்து மெழுகில் பல் வரிசையை அடுக்கி, சுரண்டி, தேய்த்து, கடித்தால் உறுத்தாத செட்டாக்கிக் கொடுப்பார். கண்ணுக்கே தெரியாத மேட்டை விரல் நுனியால் கண்டுபிடிக்கிற ஆள். யாராவது வாய்விட்டுச் சிரித்தால் பதிலுக்குச் சிரிக்க மாட்டார், கீழ்வரிசையைப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் தன்னையும் அப்படித்தான் பார்த்தார் என்று என் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. முதலில் வலது பெருவிரல், அப்புறம் கை முழுவதும். இது நிற்காது, மெதுவாகக் கூடத்தான் செய்யும் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். அத்தான் வேலையை விட்டார். கேட்டவர்களிடம், "போதும்ப்பா, கண்ணு வலிக்குது," என்றார். அவர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

மிச்சம் இருந்தது ரெக்கார்டு பிளேயர். சாதாரணப் பெட்டி இல்லை அது. தட்டும், ஊசியைத் தாங்குகிற ஆர்மும் ஒரே பலகையில் இருக்கும். அந்தப் பலகை மூன்று ஸ்பிரிங்கில் தொங்கும். அவர்கள் குடியிருப்பது மாடியில், மரப்பலகைத் தளம். நான் கீழே தையல் மெஷினோடு குடியிருக்கிறேன். மேலே யார் எப்படி நடந்தாலும் ஊசி தாண்டாது, அதிர்ச்சியை எல்லாம் ஸ்பிரிங் விழுங்கிவிடும். ஆனால் நேராகக் கை பட்டால் தொட்டில் மாதிரி ஆடும். அதனால் அவரைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆர்மின் நுனியை ஒற்றை விரலால் தூக்கி, நடுப்பாட்டு தொடங்குகிற இடத்தில், பாடுகிறவள் மூச்சு இழுப்பதற்கு முன்னால் இறக்குவார். தினமும் சாயங்காலம் ஒரு பக்கம்.

நடுக்கம் வந்த பிறகும் விடவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி இறக்குவார். சரியாக இறங்கிவிட்டால் அன்றைக்கு அவருக்கு நோய் இல்லை. வாயால் சொன்னதில்லை, ஆனால் அக்காவுக்கும் எனக்கும் தெரியும். அந்த ஒன்று மட்டும் போய்விடக் கூடாது என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம்.

ஒரு நாள் கை உதறிக்கொண்டது. சட்டையின் கைப்பட்டி மாட்டி ஆர்ம் அடியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

"பேரிங் தேஞ்சு போச்சு," என்றார் அத்தான்.

"ஆமா, பழசுதானே," என்றாள் அக்கா.

நானும் அங்கேதான் நின்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று குடும்பத்தில் எனக்குப் பெயர். நான்கூட, "பேரிங்தான்," என்று ஒத்து ஊதினேன்.

பழைய கருவிகளை வாங்கி விற்கிற ரேடியோக்காரரிடமும் அதையே சொன்னோம். பாவம், அவர் நாங்கள் சொன்னதை நம்பினார். "ஸ்பிரிங் வெச்ச மெஷினுக்குக் கனமான ஆர்ம் ஆகாதுங்க. அந்தப் பக்கம் இறங்கிடும். பழசு எவ்வளவு லேசோ அவ்வளவு லேசாத்தான் போடணும்," என்று, பேரிங் நன்றாக வழுக்குகிற மெல்லிய ஆர்ம் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். அருமையான சாமான். மூச்சு விட்டால் நகரும். நடுங்குகிற கைக்கு அதைவிடக் கெடுதலான ஒன்றை யாராலும் தேடிப் பிடித்திருக்க முடியாது.

அத்தான் இறக்கினார். பலகை ஆடியது. ஊசி ரெக்கார்டின் குறுக்கே கோடு கிழித்துக்கொண்டு போனது. "இதுவும் பேரிங் லூஸ்," என்றார். இரண்டாவது ஆர்ம் வந்தது. அதற்கும் அதே கதி. ரேடியோக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு குறையும் இல்லையேங்க," என்று முழித்தார். அக்கா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். கோபமோ அழுகையோ வந்தால் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் கடைக்குப் போய் ரேடியோக்காரரிடம் சொல்லிவிட்டேன். "பேரிங் இல்ல. அவருக்குக் கை நடுங்குது. கூடிட்டே போகுது."

அவர் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். குரலில் கோபம் இல்லை. லீவர் வைத்த ஆர்ம் இருக்கிறதாம். கையால் ஊசியைத் தொட வேண்டாம், லீவரைத் தள்ளினால் அதுவே மெதுவாக இறங்கும். கனம் கூடுதல். அதுகூடப் பரவாயில்லை, ஸ்பிரிங்கைத் திருகிச் சரிக்கட்டலாம். ஆனால் லீவரைத் தொட்டதுமே பலகை ஆடிவிடும். "அப்ப ஸ்பிரிங்கையே ஸ்குரூ போட்டு இறுக்கிடணும். பலகை ஆடாது. நடந்தா மட்டும் ஊசி தாண்டும். பாட்டு ஓடுறப்ப யாரும் நடக்காம இருந்துக்கங்க."

இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. நடக்காமல் இருக்க எங்களுக்கு என்ன கேடு?

அவர் வந்து மூன்றாவது ஆர்மைப் பூட்டினார். நல்ல மனிதர்தான், ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "கை நடுக்கத்துக்கு இதுதாங்க சரிவரும்," என்றார்.

அத்தான் அவர் பக்கம் திரும்பினார்.

"யார் சொன்னா?" என்றார் அத்தான்.

"நான்தான் அத்தான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரெக்கார்டை வைத்தார். கை ஆடியது, லீவரும் சேர்ந்து ஆடியது, ஆனால் பலகை அசையவில்லை. ஊசி தானாக, நிதானமாக, நடுப்பாட்டின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்தது. பாடுகிறவள் மூச்சு இழுத்தாள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் எங்கள் யாரையும் பார்க்காமல் லேசாகச் சிரித்தார். எனக்குத் தலையிலிருந்து மலை இறங்கிய மாதிரி இருந்தது.

இரண்டாவது வரியில் ஊசி தாண்டியது.

"யாரும் நடக்காதீங்க," என்றாள் அக்கா.

யாரும் நடக்கவில்லை. ரேடியோக்காரர் கதவோரம் சிலையாக நின்றார். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுபடி தாண்டியது. அப்போதுதான் எனக்குக் கேட்டது. கொஞ்ச நாளாகவே என் தலைக்கு மேலே டக் டக்கென்று ஒரு சத்தம் வரும்; அக்கா எதையோ இடிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அத்தானின் இடது குதிகால் தரைப்பலகையில் தட்டிக்கொண்டிருந்தது. அது அவர் சொல் கேட்டுத் தட்டவில்லை.

முட்டியைக் கையால் அழுத்தினார். அந்தக் கையும் சேர்ந்து ஆடியது. நாங்கள் மூவரும் எங்கெங்கோ பார்த்தோம்.

"ஸ்பிரிங்கை வேணா லேசாத் தளர்த்திப் பாக்கட்டுங்களா? இல்ல, வேற ஆர்ம்..." என்று ரேடியோக்காரர் இழுத்தார்.

"வேணாம்," என்றார் அத்தான். "ஆர்ம் நல்லாத்தான் இருக்கு. எல்லா ஆர்மும் நல்லாத்தான் இருந்துச்சு."

லீவரைத் தூக்கிவிட்டு எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனார். வாசலைத் தாண்டினால் சிமெண்ட் படிக்கட்டு, அங்கே மரப்பலகை இல்லை. அதில் மெல்ல உட்காருவது கேட்டது.

"நீ போடு," என்று அங்கிருந்து அக்காவிடம் சொன்னார்.

அக்கா அந்த மெஷினைத் தூசி தட்டக்கூடத் தொட்டதில்லை. விரலை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள், என்னைப் பார்த்தாள். கடைசியில் ரேடியோக்காரர் சைகை காட்ட, லீவரைத் தள்ளினாள். ஊசி இறங்கியது. பாட்டு ஒரு இடத்திலும் தாண்டவில்லை, தண்ணீர் மாதிரி ஓடியது.

"கேக்குதாங்க?" என்றாள் அக்கா.

"கேக்குது. நீ ஆடாம நில்லு," என்றார் படிக்கட்டிலிருந்து.

அந்தப் பாட்டு எங்கள் மூவரில் யாருக்கும் அப்படியொன்றும் பிடித்த பாட்டு இல்லை. அசையக் கூடாது என்பதால் நாங்கள் நின்ற இடத்திலேயே நின்று, அதை முழுவதும் கேட்டோம்.