நாலரை வருடப் படிப்பும் வலது காலும்

முதுகெலும்பைப் பற்றி நாலரை வருடம் படித்துவிட்டு, திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பிசியோதெரபி கிளினிக் திறந்தேன். என் கையை நம்பித்தான் திறந்தேன். ஊர் நம்பியது என் காலை.

காரணம் அம்மா. முன்னறையில் டோக்கன் கொடுப்பது அவள்தான். நான் காலால் பிறந்தவள் என்று யாரிடமோ சொல்லிவிட்டாள். பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் நம்புகிறார்கள். ஒரே வாரத்தில் பெஞ்சில் இடமில்லை. வந்தவர்கள் சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்க்கவில்லை, என் செருப்பைப் பார்த்தார்கள். எந்தக் கால் முதலில் வந்தது என்று ஒருவர் விசாரித்தார். வலது கால் என்றாள் அம்மா.

நான் யாரையும் மிதிக்கவில்லை. கையால்தான் சரிசெய்து அனுப்பினேன். குணமானவர்களோ, நடுவில் என் கால் தங்கள்மேல் தெரியாமல் பட்டிருக்கும் என்று பேசிக்கொண்டு போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஒரே ஒருவர், 'இந்தம்மா கையால் குணமானேன்' என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினால் போதும் என்றிருந்தது.

அமாவாசைக்கு முந்தின நாள் விழுப்புரத்து பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். டயரைத் தூக்கப்போய் இடுப்பு பிடித்து, வலப்பக்கம் சாய்ந்தே நடந்தார். மறுநாள் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ் அவருக்கு. கால் மரத்துப்போகிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். பிளாஸ்டிக் முதுகெலும்பை எடுத்துக் காட்டினேன். ஒவ்வோர் எலும்புக்கும் பின்னால் இரண்டு பக்கமும் சின்ன மூட்டுகள், ஓட்டு வீட்டு ஓடுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும், குனிந்தால் விரியும், நிமிர்ந்தால் கூடும். உங்களுடையதில் ஒன்று மக்கர் பண்ணுகிறது, சுற்றியுள்ள தசை பயந்து இறுகிவிட்டது என்றேன். ரொம்ப மரியாதையாக, என் காலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார்.

ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூட்டை விரலால் தேடிப் பிடித்து, இருபது நிமிடம் மெல்ல மெல்ல அழுத்தி அசைத்தேன். இறங்கி நேராக நின்றார். குனிந்தார், நிமிர்ந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் திரும்பப் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"எக்சசைஸ் முடிஞ்சிது இல்லிங்களா டாக்டரம்மா, இப்ப வைத்தியத்த பண்ணிடுங்க. ஒரு மிதி போதும்."

முடியாது என்றேன். சரிங்க என்று எழுந்து நடந்தார். வாசலை அடைவதற்குள் மறுபடி வலப்பக்கம் சாய்ந்துவிட்டார். நாளைக்கு ஒரு பஸ் ஜனம் இவரை நம்பி ஏறும். வேறு வழியில்லாமல் கூப்பிட்டுப் படுக்கவைத்து, வலது பாதத்தை மூன்று முறை பட்டும் படாமலும் வைத்தேன். துள்ளி எழுந்து முன்னறைக்குப் போனார்.

"அரை மணி நேரமா கைய வெச்சிக்கினு இருந்தாங்க, ஒன்னும் ஆவல. காலு பட்டுச்சி, போயிடுச்சி."

பெஞ்சு முழுக்கத் தலையாட்டியது.

சாயங்காலம் கிளினிக்கைப் பூட்டும்போது அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். நான் எப்படிப் பிறந்தால் என்ன, ஊருக்கு எதற்குச் சொன்னாய் என்று கத்தினேன். அவள் டோக்கன்களை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

"கால்ல பொறந்தவன் உங்க அண்ணன். உன்ன வயித்த அறுத்துதான் எடுத்தாங்க. கடை தொறந்து ஒரு மாசமா ஈ ஓட்டிக்கினு ஒக்காந்திருந்த. என்னால பாக்க முடியல."

திட்டத்தான் வாயெடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷட்டரை இழுக்கக் குனிந்தேன். குனிந்தவளால் நிமிர முடியவில்லை. கடைசி இடுப்பெலும்பு, வலப்பக்க மூட்டு. எது, எங்கே, எப்படி அசைக்க வேண்டும், எல்லாம் தெரிந்தது. அம்மா ஓடிவந்து என் இடுப்பில் கையை வைத்து, எங்கே அழுத்தணும் சொல்லு, நான் அழுத்துறேன் என்றாள்.

அண்ணன் பொம்மையார்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் பார்த்துக்கொள்கிறான். பைக்கில் வந்தால் சீக்கிரம் வந்துவிடலாம்.

"கைய எடும்மா" என்றேன் தரையைப் பார்த்தபடி. "அண்ணனுக்கு போன் போடு. ஜல்தியா வரச் சொல்லு."