வெர்னாவின் இரண்டு சில்லுகள்

வெர்னா மச்சாடோவுக்குச் சீட்டாடுவதுதான் உத்தியோகம். சிரிக்க வேண்டாம். மொடெஸ்டோவில் இருந்த அந்தச் சீட்டு கிளப்பில் அவளுக்கு வருகைப் பதிவு உண்டு, மணிக்கூலி உண்டு, மருத்துவக் காப்பீடும் உண்டு. ஆள் குறைந்த மேசையில் போய் உட்கார்ந்து ஆட்டம் கலையாமல் காப்பாற்ற வேண்டும். கூலி கிளப்புடையது, மேசையில் வைக்கும் பணம் மட்டும் அவளுடையது. தோற்றால் அது அவள் பாடு.

இருபத்தாறு வருடம் பீச் பழ டப்பா ஆலையில், ஓடும் பெல்ட்டின் முன் நின்று அழுகல் பொறுக்கியவள். நின்று நின்று இடது இடுப்பு மூட்டு தேய்ந்து போனது. ஆலையை மூடினார்கள். ஐம்பத்தேழு வயதில், உட்கார்ந்தபடி செய்ய அவளுக்குக் கிடைத்த ஒரே வேலை இது. 1996 அக்டோபர் பத்தொன்பதாம் தேதி மூட்டை மாற்ற டாக்டர் நாள் குறித்திருந்தார். வேலை போனால் அன்றே காப்பீடும் போகும். காப்பீடு போனால் மூட்டு கிடையாது, ஊன்றுகோல்தான்.

கிளப்பில் ஒரு விதி. வேலை நேரம் முடிவதற்குள், பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் சில்லு காலியாகி எழுந்தால், மாதத்தில் இரண்டு தடவை மன்னிப்பு. மூன்றாவது தடவை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வெர்னா அந்த மாதம் இரண்டு தடவை எழுந்துவிட்டாள்.

"நான் கண்ண மூடிக்கிட்டாலும் மேல இருக்கறவங்க மூட மாட்டாங்க வெர்னா. மாசத்துல இதான் கடைசி நாள், நாலு மணி வரைக்கும் எப்படியாச்சும் ஓட்டிடு" என்று மேற்பார்வையாளர் லூ பினெல்லி காலையிலேயே சொல்லியிருந்தார்.

இப்போது மணி பன்னிரண்டு. அவள் முன்னால் பத்தொன்பது சில்லுகள்.

அது அளவு கட்டிய ஆட்டம். ஒரே அடியில் எல்லாவற்றையும் யாரும் பிடுங்கிவிட முடியாது; கிள்ளிக் கிள்ளித்தான் எடுப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை, சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக இரண்டு சில்லு வைக்க வேண்டும். அதுதான் பிக் பிளைண்ட். அடுத்த கையில், அதாவது அடுத்த சீட்டுப் பங்கீட்டில், இன்னொன்று. ஆடாமல் சும்மா சீட்டைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தாலும் சுற்றுக்கு மூன்று சில்லு கரையும். இந்தக் கணக்கில் இரண்டு மணி வரைகூட அவள் தாங்க மாட்டாள்.

கரைப்பவன் டுவைட் ஹேகர். பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் லாரிகளுக்குச் சொந்தக்காரன். வாயும் லாரி அகலம்தான். அவளுக்கு வலப்பக்கம் ஓர் ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தான். நடுவில் காது கேட்காத பழைய பால்காரர். வெர்னா இரண்டு சில்லு வைக்கும் முறை வரும்போதெல்லாம் மற்றவர்கள் விலகிவிடுவார்கள். டுவைட் அதை நான்காக ஏற்றுவான். பால்காரர் தன் ஒற்றைச் சில்லை விட்டுவிடுவார். அப்புறம் வெர்னாதான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னும் இரண்டு வைத்தால், கிடக்கும் ஏழுக்குப் போட்டி போடலாம். முன்பெல்லாம் யோசிக்காமல் வைத்திருப்பாள். பத்தொன்பதாம் தேதி குறிக்கப்பட்ட நாளிலிருந்து அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. நல்ல சீட்டு வரட்டும் என்று கவிழ்த்துக்கொண்டே இருந்தாள். பயந்தவர்களை டுவைட் மோப்பம் பிடித்துவிடுவான்.

"என்ன அம்மணி, இன்னிக்கும் தானதர்மம்தானா?" என்று கேட்டபடி அவளுடைய சில்லுகளை வாரிக்கொண்டான். மேசையே சிரித்தது. சீட்டுப் பிரித்துப் போடும் எர்லிண்டா மட்டும் சிரிக்கவில்லை. வெர்னாவுக்குக் காது மடல் வரை கொதித்தது.

அப்போது இடுப்பு சுளீரென்று இழுத்தது. வலியைத் தணிக்க வலப்பக்கமாகச் சாய்ந்தவளின் பார்வை மேசை மட்டத்துக்கு இறங்கியது. அடுத்த கைக்கான சீட்டுகள் வந்துகொண்டிருந்தன. அவள் உட்பட அநேகமாக எல்லோருக்கும் ஒரே பழக்கம்: சீட்டு விழுந்ததும் தன்னுடையதைத் தூக்கிப் பார்ப்பது. பெல்ட்டில் அப்படிச் செய்திருந்தால் முதல் நாளே வேலை போயிருக்கும். அங்கே கையில் இருக்கும் பழத்தைப் பார்ப்பவள் தேற மாட்டாள். வருகிற பழத்தைப் பார்க்க வேண்டும். இத்தனை வருடம் செய்ததை இங்கே மறந்துபோனேனே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுபடி அவள் முறை வந்தது. இரண்டு சில்லு வைத்தாள். தன் சீட்டைத் தொடவில்லை. டுவைட்டையே பார்த்தாள்.

வழக்கம்போல டுவைட் தன் சீட்டுகளின் மேல், ரீனோ சூதாட்ட விடுதியில் கிடைத்த வெள்ளி டாலரைப் பாரமாக வைத்தான். ஒவ்வொருவராக விலகினார்கள். அவன் நான்கு சில்லை முன்னால் தள்ளினான். வெள்ளிக் காசு அசையவே இல்லை. அவன் சீட்டைப் பார்க்கவே இல்லை!

இத்தனை நாளும் இவன் சீட்டை வைத்து ஆடவில்லை, என் பயத்தை வைத்துத்தான் ஆடியிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. இப்போது தன் சீட்டைப் பார்த்தாள். ராணியும் நாலும். குப்பைதான். ஆனால் அவன் கையில் என்ன குப்பை என்று அவனுக்கே தெரியாது. இரண்டு சில்லை வைத்து ஈடுகட்டினாள்.

டுவைட் புருவத்தைத் தூக்கினான். மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டு விழுந்தது: ராஜா, எட்டு, நாலு. அவளுக்கு நாலில் ஒரு ஜோடி. இப்போதுதான் அவன் காசை நகர்த்தித் தன் சீட்டை எட்டிப் பார்த்தான். இரண்டு வைத்தான். வைத்தாள். அடுத்த பொதுச் சீட்டாக இரண்டாம் நம்பர் விழுந்தது. அவன் நான்கு வைத்தான். அவளும் வைத்தாள். கடைசியாக ஜாக்கி. அவன் மறுபடி நான்கு. அவளிடம் இருந்தது ஆறு. ராஜா அவனிடம் இருந்தால் கதை முடிந்தது. நான்கைத் தள்ளிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் காட்டியது பத்தும் ஏழும். ஒன்றுமில்லாத கை.

"நாலுல ஒரு ஜோடிய வெச்சுக்கிட்டா கடைசி வரைக்கும் வந்த?"

"அதுவும் ஜோடிதானே" என்றாள் வெர்னா.

இருபத்தொன்பது சில்லு அவளிடம் வந்தது. ரோஷக்காரன் டுவைட் அதோடு விடவில்லை. காசு அசையாமலே ஏற்றினான். அவளும் விடாமல் ஈடுகட்டினாள். ஒன்றில் ஜெயித்தாள், இரண்டில் தோற்றாள், மற்றவர்களிடமும் கொஞ்சம் விட்டாள். மூன்று நாற்பதுக்கு அவளிடம் பத்துச் சில்லுதான் மிச்சம். இரண்டைக் கட்டாயத்துக்கு வைத்தாள். மிச்சம் எட்டு.

டுவைட் காசை நகர்த்தினான். சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். காசைப் பழையபடி வைத்தான். பிறகு ஏற்றினான்.

வெர்னா தன் சீட்டைப் பார்த்தாள். ராஜா, ராணி, இரண்டும் ஆர்ட்டின். அன்றைக்கு அவளுக்கு வந்ததிலேயே அழகான கை. வைத்துவிடு, வைத்துவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் பார்த்துவிட்டு ஏற்றியிருக்கிறான். கூட ஆடப் போனால் நான்காவது பொதுச் சீட்டிலேயே எட்டும் போய்விடும். நாலு மணிக்கு இருபது நிமிடம் முன்னால் வெறுங்கையோடு எழ வேண்டியிருக்கும்.

கையை நீட்டிச் சீட்டைக் கவிழ்த்துவிட்டாள்.

"மறுபடியும் பயந்துட்டியா?" டுவைட்டுக்குத் தாங்கவில்லை. தன் சீட்டுகளைத் திருப்பிப் போட்டான். இரண்டும் ஏஸ். "இப்படி ஒரு கை எனக்கு வந்த அன்னிக்குத்தான் ஓடணுமா?"

வெர்னா தன் எட்டுச் சில்லை அடுக்கினாள். காலையிலிருந்து கவிழ்த்ததும் இதே கைதான். ஆனால் அப்போதெல்லாம் பயந்து கவிழ்த்தாள், இப்போது அவனைப் பார்த்துக் கவிழ்த்தாள். அடுத்த கையில் ஒரு சில்லு போனது. அதற்குப் பிறகு அவள் முறை வரவில்லை.

நாலு மணிக்கு லூ வந்து மேசையைப் பார்த்தார். ஏழு சில்லு. அவர் முகம் தெளிந்தது. வெர்னா மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். இடுப்பு இழுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"அடுத்த மாசம் பத்தொம்பதாம் தேதிலேருந்து எனக்கு லீவு எழுதிக்குங்க, லூ."