மண்ணைத் தொடாத தோட்டம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது, ஆடி மாதம். அம்சவல்லி ஒரு முருங்கைக் கிளையை வெட்டிவந்து தன் குடிசை வாசலில் போத்தாக நட்டாள். மூன்றாம் நாள் பண்ணைக் காரியக்காரர் வந்து அதைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார்.

"யாரைக் கேட்டு நட்ட?"

"கீரைக்குத்தாங்க ஐயா."

"இன்னைக்குக் கீரைம்ப. நாளைக்கு மரம் நிக்கும். மரம் நின்னா மனையும் என்னுதும்ப. இந்த மண்ணுல ஒரு செடி நடக்கூடாது, தெரியுதா?"

முள்ளியாற்றை ஒட்டிய அந்த ஊரில், கீழத்தெருவின் பதினான்கு குடிசைகளும் பண்ணை நிலத்தில்தான் நின்றன. வேலை செய்கிறவரை இருக்கலாம், போ என்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. சென்னையில் ஆட்சி மாறியிருந்தது, வயல்களில் கூலிக்காகக் கொடி ஏறியிருந்தது, குடியிருப்பவனுக்கே மனை என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு. அதனால்தான் ஒரு போத்துக்குக்கூட காரியக்காரர் பயந்தார்.

அம்சவல்லியின் புருஷன் இராஜாங்கம் சண்டைக்குப் போகாதவன். "விடு அம்சா, கீரை சந்தையில கிடைக்காதா" என்றான்.

"மண்ணுல நடக்கூடாதுன்னுதானே சொன்னாரு?" என்றாள் அவள்.

வாய் உடைந்த சோற்றுப் பானை ஒன்றை எடுத்து, முழுநாள் தண்ணீரில் ஊறவைத்து, ஆணியால் அடியில் மெல்லத் திருகித் துளை போட்டாள். ஊறாத பானையில் ஆணி வைத்தால் விரிசல் விட்டுவிடும். ஆற்றோரம் படிந்த வண்டல் எடுத்து, சாணமும் சாம்பலும் கலந்து நிரப்பினாள். முதலில் கத்தரி வைத்தாள், பிறகு மிளகாய். அக்கம்பக்கத்தில் உடைந்த பானையெல்லாம் அவளிடம் வந்து சேர்ந்தது.

காரியக்காரர் மறுபடி வந்தார். "இதுல இருக்கிறது பண்ணை மண்ணுதானே?"

"இல்லீங்க ஐயா. ஆத்து மண்ணு. ஆறு கவர்மெண்டோடது."

அவர் பானைகளை எண்ணிவிட்டுப் போனார். ஆனால் அந்தத் தை மாதம், கூலி கூட்டிக் கேட்டு அறுவடை இரண்டு நாள் நின்றபோது, அந்தக் கோபத்தைப் பானைகளில் காட்டினார். பதினோரு பானை. காலால் ஒவ்வொன்றாக உதைத்து உடைத்தார். காய் பிடித்திருந்த கத்தரிச் செடிகள் வேரோடு வெயிலில் கிடந்தன. தெருவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்சவல்லி அழவில்லை. அவர் போனதும் ஓடுகளைப் பொறுக்கி ஒரு சாக்கில் கட்டினாள்.

மறுநாள் முத்துப்பேட்டைக்குப் போனாள். அங்கே எண்ணெய்க் கடை வைத்திருந்த அல்லா பிச்சை, கடைக்குப் பின்னால் தகர டின்களை அடுக்கியிருந்தார்.

"பாய், ஓட்டை டின்னு இருந்தா குடுங்க."

"ஓட்டை டின்னை வச்சு என்னம்மா பண்ணுவே?"

"செடி வைக்கத்தான். பானையா இருந்தா காலால உடைக்கிறாங்க."

நடந்ததை அவள் சொல்லக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. ஆறு டின்னை எடுத்துக் கயிறு போட்டுக் கட்டினார். "உள்ள வைக்கோல் போட்டுக் கொளுத்திடும்மா, எண்ணெய்ப் பிசுக்கு போகும். இல்லேன்னா செடி கருகிடும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

பழைய பானை ஓடுகளே டின்களின் அடியில் துளை அடையாமல் காக்கப் போயின. டின்னில் வேறு தொல்லை வந்தது. மண்பானை தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், ஆனால் வேர் குளிர்ந்திருக்கும். தகரமோ சித்திரை வெயிலில் காய்ந்து வேரை அவித்துவிட்டது. இரண்டு தக்காளிச் செடி செத்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. டின்களைச் சுற்றி வைக்கோல் பிரி சுற்றிச் சாணம் மெழுகினாள். கீரைக்கு மூங்கில் கூடை போதும் என்று கண்டாள், ஒரு மழைக்காலத்தில் மட்கிவிடும், மட்கினால் அதுவே எருவாகும்.

அந்த வைகாசியில், கிணற்றுக்கு உறை ஏற்றிவந்த வண்டியிலிருந்து ஓர் உறை விழுந்து விரிசல் விட்டது. சுட்டமண் வளையம், இடுப்புயரம். வண்டிக்காரர் வேண்டாம் என்று விட்டுப்போனதை மூன்று பெண்கள் சேர்ந்து உருட்டிவந்தார்கள். அம்சவல்லி அதைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, குடிசை மூலையில் நிறுத்தி, வண்டல் நிரப்பி முருங்கைப் போத்தை ஊன்றினாள்.

பார்க்கிறவர்களுக்கு அது பெரிய தொட்டி. ஆனால் உறைக்கு அடி கிடையாது. அது அவளுக்குத் தெரியும்.

முருங்கை துளிர்க்கத் துளிர்க்கத் தலையை வெட்டினாள். மரமாக உயராமல் புதராக நின்றது. காரியக்காரர் பார்த்துவிட்டு, "தொட்டியில முருங்கையாம்" என்று ஏளனமாகச் சொல்லிப் போனார்.

எழுபத்தொன்றில் சட்டம் வந்தது. மறுவருஷம் மாசி மாதம் வருவாய் ஆய்வாளர் மனை அளக்கும் சங்கிலியோடு தெருவுக்கு வந்தார். காரியக்காரர் முந்திக்கொண்டார்.

"சார், இவங்க போன அறுப்புக்கு வந்தவங்க. வருஷக்கணக்கா குடியிருந்தா ஒரு மரமாவது இருக்காதா? பாருங்க, ஒண்ணுமில்லை. இந்த டின்னும் சட்டியும் நேத்து வண்டியில வந்தது."

இராஜாங்கம் தலை குனிந்தான். மரம் நட விடாதவரே மரம் எங்கே என்று கேட்டபோது அம்சவல்லி முன்னால் வந்தாள்.

"சார், நேத்து வந்ததுன்னா நகருமில்லீங்களா? அந்தப் பெரிய தொட்டியை நகத்தச் சொல்லுங்க."

காரியக்காரர் இரண்டு ஆட்களை ஏவினார். தொட்டி அசையவில்லை. கம்பியை அறுத்துக் கடப்பாரை கொடுத்தார்கள். உறை விரிசல் வழியே இரண்டாகப் பிளந்து விழுந்தது, வண்டல் சரிந்தது. கால் தண்டி முருங்கை நேராகத் தரைக்குள் இறங்கி நின்றது.

"பாத்தீங்களா சார்! பண்ணை மண்ணுல மரம் நட்டிருக்கா!" என்று கத்தினார் காரியக்காரர்.

"நீங்கதானே மரமே இல்லைன்னீங்க?" என்றார் ஆய்வாளர். குனிந்து அடிமரத்தைத் தடவினார். "எத்தனை வருஷமாச்சும்மா?"

"வர்ற வைகாசி வந்தா ரெண்டு வருஷமுங்க. நாங்க வந்து பன்னெண்டு வருஷம்."

அவர் நோட்டைத் திறந்தார். "குடும்பத் தலைவர் பேரு?"

இராஜாங்கம் அப்போதுதான் தலை நிமிர்ந்தான். "அம்சவல்லின்னு எழுதுங்க சார். மண்ணு சுமந்தது அவதான்."

அவன் அப்படிச் சொல்வான் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மனைகள் குடியிருந்தவர்கள் பேருக்கு ஆனதும், பண்ணையில் கீழத்தெருவுக்கு வேலை கிடையாது என்றார்கள். குறுவை நடவுக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். கீழத்தெருக்காரர்கள் நாலு மைல் நடந்து வேறு ஊரில் நட்டார்கள், அரை வயிற்றோடு படுத்தார்கள். சம்பாவுக்கு, அவரவர் ஊரிலேயே நடவு இருந்ததால், வெளியாட்கள் வரவில்லை. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. ஆவணி கடைசியில் ஒரு காலை காரியக்காரர் தெருமுனையில் வந்து நின்றார்.

"நாத்து முத்துது. வாங்கடி."

பெண்கள் எல்லோரும் அம்சவல்லியைப் பார்த்தார்கள். அவள் டின்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"வாங்கன்னு சொல்லுங்க ஐயா, வர்றோம்."

அவர் திரும்பி இரண்டு எட்டு நடந்தார். தூரத்தில் நாற்றங்கால் மஞ்சளடித்துத் தெரிந்தது. நின்றார். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"வாங்க."

அம்சவல்லி செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் நடந்தாள்.