அருள்தாஸின் வேகம்

அலுவலகத்தில் காலை டீ வந்துகொண்டிருந்த நேரம். வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்த பியூன் சின்னசாமி, "அருள் சார் போயிட்டாருங்க. அதியமான்கோட்டைகிட்ட லாரிக்காரன் அடிச்சிட்டானுங்க" என்றார். எந்த அருள் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பால் சங்கத்தில் அருள் ஒருவர்தான். மேலாளர் தலையை ஆட்டி, "பாவம், இங்கிலீஷ் பாட்டுப் பைத்தியம்" என்றார். செய்தி வந்த சூடு ஆறவில்லை, அதற்குள் ஒரு மனிதரை அத்தோடு முடித்துவிட்டார்.

இரங்கல் கூட்டத்திலும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். பிறகு ஊழியர் சங்கத்து மலருக்காக, "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்று என்னிடம் கேட்டார்கள். நல்லதாக எழுத எனக்கு மனமில்லை, உள்ளதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன், முக்கியமாகச் சிரித்தவர்களுக்கு.

அருள்தாஸ் நல்லம்பள்ளிக்காரர். கணக்குப் பிரிவில் எனக்கு எதிர் மேஜை. அவர்கள் ஊர் மாதா கோயிலில் கித்தார் வாசிப்பார். அவருடைய சித்தப்பா மகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருந்தாள். ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது 'விண்டர் பஸ்' என்ற குழுவின் கேசட்டுகள் இரண்டைக் கொண்டுவந்திருந்தாள். பெரிய கம்பெனி எதுவும் அந்தக் குழுவைச் சீண்டவில்லையாம். பையன்களே சொந்தமாகப் பதிந்து, சின்னச் சின்னக் கடைகளில் விற்ற பாட்டுகளாம். திரும்பிப் போகும்போது கேசட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்பதால், தருமபுரி பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த ரெக்கார்டிங் கடையில் அவசரமாகக் கொடுத்து, அசலைப் போட்டுக்கூடக் கேட்காமல் அருள் பிரதி எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மதியங்களில் நான் இண்டூரிலிருந்து அவர் வீட்டுக்குப் போவேன். பாடகனின் குரல் கனமாக, ஒவ்வொரு சொல்லையும் கீழே வைக்க மனமில்லாமல் வைப்பதுபோல் வரும். பாதி வார்த்தைகள் எங்களுக்குப் புரியாது. "இவன் பாட்டுல அவசரமே இல்ல பாருங்க சார். வூட்டுல யாருமே காத்திருக்காதவன் நடந்து போற மாதிரி இருக்குது" என்பார் அருள். அவர் மனைவி ஸ்டெல்லா சமையலறையிலிருந்து, "அந்த ஆளுக்கு யாராச்சும் ஒரு காப்பி போட்டுக் குடுங்களேன், தூங்கிடப் போறாரு" என்று கேலி செய்வார்.

கேலி செய்தாலும், அந்த மெதுவில்தான் அருள் கித்தாரை மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டார். கோயில் பாட்டுக் குழுவுக்கு அதே நடையில், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் பாடும் பாட்டுக்கு மெட்டுப் போட்டார். நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. அந்தப் பாட்டுக்காக வாசலில் நின்றிருக்கிறேன். உள்ளே இருமல் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. அன்றைக்கு அருள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அலுவலகத்தில் யாரும் பார்த்ததே இல்லை.

பிறகு இங்கிலாந்திலிருந்து மூன்றாவது கேசட் வந்தது, இந்த முறை அசலே நேராக அவருக்கு. போட்டோம். துள்ளல் தாளம், கீபோர்டு, பள்ளிக்கூடப் பையன் குரல். இருவரும் விழித்தோம். "கல்யாணம் ஆயிடுச்சோ என்னமோ இவனுக்கு" என்றார் அருள். பெரிய கம்பெனிக்கு விலைபோய்விட்டார்கள் என்று நான் அடித்துப் பேசினேன். அவர் ஒப்பவில்லை. "துக்கம் தீந்திருக்கலாங்க. எல்லாருக்கும் தீராதா என்ன?" என்றார். டீக்கடையில், பஸ்ஸில், மாதக்கணக்கில் அந்தக் குழுவின் மாற்றத்தை அலசினோம். இங்கிலாந்தின் வேலையில்லாத் திண்டாட்டம்வரைக்கும் போய்வந்தோம். பெரிய மேதாவிகள் என்று எங்களுக்கு நினைப்பு.

அடுத்த தவக்காலத்துக்கு முன்பு, தருமபுரியில் கோயில் பாட்டுக் குழுக்களுக்கான போட்டி நடந்தது. அலுவலகத்திலிருந்தும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். நடுவர் பெங்களூரில் இசை சொல்லிக்கொடுப்பவர், வெளிநாட்டுக் கேசட்டுகள் சேர்ப்பவர். நல்லம்பள்ளிக் குழு பாடி முடித்ததும் மைக்கில், "ஏன் இவ்வளவு ஸ்லோ? யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். அருளுக்குப் பெருமை தாங்கவில்லை. விண்டர் பஸ்ஸின் முதல் கேசட் என்று சொன்னார். நடுவர் சிரித்துக்கொண்டே தன் பையைத் திறந்தார். அதே கேசட், அசல், அவரிடம் இருந்தது. மேடையில் இருந்த டேப் ரெக்கார்டரை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டார்.

நாங்கள் உருகி உருகிக் கேட்ட பாட்டு குதித்துக்கொண்டு ஓடியது. மூன்றாவது கேசட்டில் கேட்ட அதே பையன் குரல். குழு மாறவே இல்லை. முதலிலிருந்தே அவர்கள் அப்படித்தான் பாடியிருக்கிறார்கள்.

ரெக்கார்டிங் கடையில் பாட்டைப் போடுகிற டெக் பழையது. கோடையில் வோல்டேஜ் இறங்கினால் அது இழுக்கும், குரலும் கனத்துவிடும். பதிகிற டெக் புதியது, இழுத்ததை இழுத்தபடியே பிடித்துக்கொள்ளும். சினிமாப் பாட்டு இழுத்தால் வாடிக்கையாளர் கடை வாசலில் நின்று சத்தம் போடுவார், மறுபடி பதிந்து கொடுப்பார்கள். இங்கிலீஷ் பாட்டு இழுத்தால் யாருக்குத் தெரியும்? எங்களுக்கும் தெரியவில்லை.

கூடம் முழுக்கச் சிரித்தது. அருள் கித்தாரைக் கழற்றவும் தோன்றாமல் மேடையில் நின்றார். மறுநாளே அவருக்கு 'ஸ்லோ டேப்பு' என்று பெயர் வைத்துவிட்டீர்கள். பால் ஊற்ற வருகிறவர்கள்கூட, "ஸ்லோ டேப்பு சார் இருக்காருங்களா?" என்று கேட்கும்படி செய்தீர்கள். அவர் கோயிலில் கித்தார் தொடுவதை விட்டார். பாட்டுக் குழுவை வேறொருவர் எடுத்துக்கொண்டார், தாளம் தானாக அடிக்கும் கீபோர்டும் வந்தது.

போட்டி முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப நாம கேட்ட அந்தக் குழு எங்கயுமே இல்லீங்களா சார்?"

"அது உங்க பாட்டுங்க. கடைக்காரன் இழுத்து வச்சான், நாலு பேரு அழற மாதிரி அதைப் பாட்டாக்குனது நீங்க" என்றேன். அதை இன்றும் நம்புகிறேன். அந்தப் பாடகனைப் பற்றி அருள் சொன்னதெல்லாம் தன்னைப் பற்றியே சொன்னதுதான். அந்தப் பையனுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

"ஆறுதல் சொல்லாதீங்க. கோவந்தான் வருது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் என்னைக் கூப்பிடவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த நாலாவது கேசட்டை அவர் பிரிக்கவே இல்லை என்று ஸ்டெல்லா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடக்கத்துக்குக் கூட்டம் நிறைய. சிரித்தவர்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். மாலைகளுக்குக் குறைவில்லை. கல்லறைத் தோட்டத்தில், அவருக்கு மரியாதை என்று சொல்லி, அவர் மெட்டுப் போட்ட தவக்காலப் பாட்டையே பாட்டுக் குழு எடுத்தது. ஆனால் இப்போது அவர்கள் பாடிப் பழகியிருக்கும் வேகத்தில் எடுத்தது. அதைச் சரிசெய்துவிட்டோம் என்று அவர்களுக்கு நினைப்பு. ஸ்டெல்லா நிமிர்ந்து ஒருமுறை அவர்களைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

பெட்டி பாதிக் குழிகூட இறங்கவில்லை, பாட்டு முடிந்துவிட்டது. கயிறு பிடித்த நாலு பேரும் நிதானமாகத்தானே இறக்க முடியும்? பாடியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி ஆரம்பிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டியில் கயிறு உரசும் சத்தமும் ஸ்டெல்லாவின் அழுகையும் மட்டும் கேட்டன. அருள் போட்ட வேகத்தில் பாடியிருந்தால் பெட்டி தரையைத் தொடும்வரை அந்தப் பாட்டு கூடவே போயிருக்கும்.

அவருடைய கித்தாரோ கேசட்டுகளோ என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது, பாட்டு நின்றதற்கும் பெட்டி தரையைத் தொட்டதற்கும் நடுவில் நாம் எல்லோரும் வாய்மூடி நின்ற அந்த நேரம். அதை நான் மறக்கப் போவதில்லை. உங்களையும் மறக்க விடமாட்டேன்.