நாலாம் போஸ்டிலிருந்து வந்த குரல்

இது நடந்தது. கட்டுக்கதை என்று பல்லைக் காட்டுகிறவர்கள், சென்னகிருஷ்ணன் எதிரில் போய்க் காட்டிப் பார்க்கட்டும்.

தாராபுரம் ரோட்டில் உள்ள அந்த ரேஸ் ட்ராக், முதலில் சோளக்காட்டு நடுவே குட்டி விமானம் இறங்கிய தார்ப்பாதை. பிறகு வளைவுகள் வந்தன. கேலரி வந்தது. அந்தக் கேலரியைப் பெரிதாக்க, நாலாம் வளைவில் மோதும் கார்களைத் தாங்க அடுக்கியிருந்த டயர்களைப் பிடுங்கிவிட்டு கான்கிரீட் சுவர் எழுப்பினார் முதலாளி மிதுன். கொடி காட்டுகிறவன் நிற்கும் நாலாம் போஸ்டையும் எடுத்துவிட்டார்.

கொடிக்காரர்களுக்குத் தலைவர் சென்னகிருஷ்ணன். மிதுனிடம் நேரே போய் நின்றார். பத்தொன்பது வருடம் முன்பு, இதே வளைவில் விளம்பரப் பலகைக்காக டயரை எடுத்தபோதுதான் கார் பாய்ந்து கொடிக்காரன் ஆறுச்சாமி செத்தான்.

"டயர் வெக்காம கார உடக்கூடாதுங்க."

"உங்க வேலைய மட்டும் பாருங்ண்ணா" என்றார் மிதுன்.

முதல் ஓட்டத்துக்கு இறங்கியவள் சென்னகிருஷ்ணனின் மகள் லோகப்பிரியா. சொல்லச் சொல்லக் கேட்கவில்லை, பிடிவாதக்காரி.

பகல் 12.38. வாக்கி டாக்கியில் வழக்கம்போல கொடிக்காரர்கள் போஸ்ட் வரிசை சொன்னார்கள்.

"ஒண்ணு, ரெடி."

"ரெண்டு, ரெடி."

"மூணு, ரெடி."

கர்ர்ர்...

"நாலு... ரெடிங்ண்ணா."

அங்கே போஸ்டே இல்லை!

"எவன்டா அது? செத்தவன் கொரல்ல வெளையாடறது?"

சென்னகிருஷ்ணன் வாக்கி டாக்கியில் கத்தினார்.

12.41. லோகப்பிரியாவின் கார் மூன்றாம் வளைவை நெருங்கியது.

கர்ர்ர்...

"அண்ணா... இங்க டயர் இல்லீங்ண்ணா..."

ஆறுச்சாமியேதான்.

"மூணு! செவப்புக் கொடி! காட்டுறா!"

லோகப்பிரியா ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். நாலாம் வளைவில் பிரேக்கை மிதித்தாள்.

பிடிக்கவில்லை...

கார் மெல்ல ஊர்ந்து போய்ச் சுவரில் முட்டி நின்றது. பழைய வேகத்தில் போயிருந்தால், அவளை அள்ளித்தான் எடுத்திருக்க வேண்டும்.

மகள் பிழைத்தும் சென்னகிருஷ்ணனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மிதுனின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். பிறகு, விளையாடியவனைத் தேடினார். ஆறுச்சாமியின் வாக்கி டாக்கியை நினைவுக்கென்று அவன் குடும்பத்துக்கே கொடுத்திருந்தார்கள். எந்தக் களவாணியோ அதைத் திருடியிருக்க வேண்டும். சாயங்காலமே ஆறுச்சாமியின் ஊரான சென்னிமலைக்கு வண்டியை விட்டார்.

"ஏனம்மிணி, ஆறுச்சாமி வாக்கி டாக்கிய எவன் எடுத்தான்?"

ஆறுச்சாமியின் மனைவி பழனியாத்தாள் அவரையே பார்த்தாள்.

"அவரு நெஞ்சு மேலயே வச்சுப் பொதச்சுப்போட்டமுங்க."

சென்னகிருஷ்ணன் தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொன்னார். அவள் அழவில்லை. முகம் சிவந்து எழுந்தாள்.

"டயர வெய்யுங்கண்ணான்னு அன்னைக்குக் காலையிலயே உங்களத்தானுங்க கேட்டாரு. பேசாம நில்லுடான்னீங்க. செத்த மனுசனுக்குமாங்க டூட்டி போடுவீங்க?"