யூலியட் எடுத்த சின்ன றக்கெற்

எங்கள் ஊர் கரம்பொன்னில் நண்டு வலை கழற்றுகிற பெண்கள் பலர். அவர்களில் ஒருத்தி என் தங்கை யூலியட். விடிய வள்ளம் வந்ததும் கரையில் குந்தியிருந்து வலைக்குள் சிக்கின நண்டுகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். காலும் முறியக்கூடாது, வலையும் கிழியக்கூடாது. பதினாறு வயதில் தொடங்கினவள். விரலெல்லாம் தழும்பு. வலது மணிக்கட்டில் ஒரு புடைப்பு எழும்பி அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கையால் தண்ணி வாளி தூக்க அவளுக்கு ஏலாது. கேட்டால், "பழகிப்போச்சு அண்ணை" என்பாள். அதற்குமேல் அந்தக் கதை கதைக்க மாட்டாள்.

புருஷன் சந்தியோகு கடலுக்குப் போகிறவன். நல்லவன், ஆனால் வாய் திறக்க மாட்டான். அந்த வீட்டில் முடிவு என்றால் யூலியட் எடுப்பதுதான். எடுத்தால் மாதாவே இறங்கி வந்து சொன்னாலும் மாறாது.

அவர்களுக்கு ஒரே மகள், அன்ரனிட்டா. பத்து வயது, வயதுக்கு ஏற்ற உயரமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடுகிற சீமெந்துத் தரையில் நிலாந்தினி ரீச்சர் ரெனிஸுக்கும் கோடு கீறி, பிள்ளைகளைப் பழக்கத் தொடங்கினார். நரம்பு அறுந்த பழைய றக்கெற்றுகளை மாறி மாறி வைத்துத்தான் அடித்தார்கள். அதிலேயே இவள் அடிக்கிற பந்து தனியாகத் தெரிந்தது. நான் ஓட்டோ ஓடுகிறவன். ஆள் இல்லாத நேரம் மதிலோரம் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த விளையாட்டின் சட்டம் ஒன்றும் தெரியாது. ஆனால் பந்து எங்கே விழப்போகிறது என்று அவளுக்கு முன்னமே தெரிகிறது என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

எங்கள் கடைசித் தம்பி றஜீவன் பாரிஸில் இருக்கிறான். மருமகள் ரெனிஸ் அடிக்கிறாள் என்று கேட்டதும் அவனுக்குத் தலைகால் தெரியவில்லை. ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு றக்கெற் கொடுத்துவிட்டான். கறுப்பும் சிவப்புமாய், உறையோடு, பார்க்கவே பயம் வருகிற மாதிரிச் சாமான்.

எங்கள் ஊரில் வளருகிற பிள்ளைக்கு எதையும் அளவாக வாங்குகிற வழக்கம் இல்லை. கோயிலில் முதல் நன்மை வாங்கப் போடுகிற சட்டையின் கரையை ஒரு சாண் உள்ளே மடித்துத் தைப்போம். சப்பாத்தின் முன்பக்கம் பஞ்சு அடைப்போம். சைக்கிள் வாங்கினால் பிள்ளை பாருக்குக் கீழே காலை விட்டு ஓடும். எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தோம். றஜீவனும் இந்த மண்ணில் வளர்ந்தவன்தானே? பாரிஸ் கடையில் நின்றும் அதே யோசனைதான். பெரிய ஆட்கள் அடிக்கிற றக்கெற்றை எடுத்துவிட்டான்.

வெளிநாட்டுச் சாமான் வந்தால் அதைப் பிடித்தபடி படம் எடுத்து அனுப்ப வேண்டும். அன்ரனிட்டாவும் மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். குடும்ப வட்ஸ்அப்பில் அன்று முழுக்க அந்தப் படம்தான்.

கொஞ்ச நாள் போனது. ஒரு காலை நான் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தேன். குசினிக்குள் பிள்ளை இடது கையால் கோப்பையைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். யூலியட் அடுப்பை விட்டுத் திரும்பினாள்.

"வலக்கைக்கு என்ன?"

"ஒண்டுமில்லை அம்மா."

"காட்டடி."

மணிக்கட்டு வீங்கியிருந்தது. யூலியட் தன் கையை அதற்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் பார்த்தாள். அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏன்ரி சொல்லேல்லை?"

"மாமா தந்ததெல்லே. சொன்னா நீங்கள் ரெனிஸுக்கு விடமாட்டியள்."

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். துணி சுற்றி, வீக்கம் வற்றும்வரை அந்தக் கையால் அடிக்கக்கூடாது என்றார்கள். அங்கிருந்து றக்கெற்றோடு நேரே பள்ளிக்கூடம். நிலாந்தினி ரீச்சர் பிள்ளையை நிமிர்ந்து நிற்கவைத்தார்.

"நோகாத கையை நேர கீழ விடும் அன்ரனிட்டா. இனி றக்கெற்றைப் பிடியும். பாருங்கோ அம்மா, தலை நிலத்தை மெல்லத் தொட்டா அளவு சரி. இது நிலத்தில இடிச்சு முழங்கையை மடக்க வைக்குது. இதின்ர கைபிடியும் மொத்தம், விரல் சுத்தி வராது. இது இருபத்தேழு இஞ்சி நீளம். இவவுக்கு இருபத்தஞ்சு காணும்."

"இதாலயே அடிச்சா என்ன நடக்கும் ரீச்சர்?"

"இப்ப அடிப்பா. ஆனா கை பழுதாப்போனா பிறகு அடிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. நானும் சொன்னனான். 'கெதியா வளந்திடுவன் ரீச்சர்' எண்டுறா."

யூலியட் றக்கெற்றை வாங்கி உறைக்குள் போட்டு மூடினாள்.

இன்னொன்று வாங்காமல் முடிக்க நான் ஒரு வழி பார்த்தேன். றக்கெற்றைத் தச்சுவேலை செய்கிற தம்பிஐயாவிடம் கொண்டுபோனேன். அந்தாள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மரம் அரிகிற வாளை எடுத்தார்.

"இதென்ன பெரிய வேலையே? அடியில நாலு விரல் வெட்டிவிட்டாச் சரி. மண்வெட்டிப் பிடி நீளமெண்டா வெட்டுறேல்லையே?"

பின்னாலேயே வந்த யூலியட் அவர் கையிலிருந்து அதைப் பறித்துவிட்டாள். "வெட்டினாப் பாரம் குறையுமோ? மொத்தம் குறையுமோ? வாளை வையுங்கோ. அண்ணை, உங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுறன்."

"உவள் சின்னனில இருந்தே உப்பிடித்தான்" என்று தம்பிஐயா வாளை வைத்தார்.

அன்று பின்னேரம் றஜீவனுக்குக் கோல் எடுத்தாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

"தம்பி, நீ தந்தது நல்ல சாமான். ஆனா அவளுக்குப் பெரிசு. கை வீங்கிப்போச்சு. நான் சின்னனொண்டு எடுக்கப்போறன்."

"அக்கா, ஒரு வருஷத்தில வளந்திடுவாள். அதுக்குள்ள சின்னன் எடுத்தா அது வீண்தானே?"

"வீணாப்போகட்டும். அடுத்த வருஷம் சின்னனாப்போனா இன்னொண்டு எடுப்பன்."

"நான் இஞ்ச எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். மாமா குடுத்த றக்கெற்றோட யாழ்ப்பாணத்துப் போட்டிக்கு இறங்கிறாள் எண்டு. இப்ப என்ன சொல்லுறது?"

"பிள்ளையின்ர கை பெரிசோ, உன்ர கதை பெரிசோ?"

அவன் போனை வைத்துவிட்டான். அவன் அப்படி வைப்பது அதுதான் முதல் தரம். அந்த வீட்டுக்கு ஓடு போட்டதும் அவன் அனுப்பின காசில்தான்.

"தங்கச்சி, நான் ஒண்டு சொல்லட்டே? சின்னன் எடு. ஆனா அவனுக்கு அனுப்பிற படத்துக்கு மட்டும் அவன் தந்ததைப் பிடிக்கட்டும். அவனுக்கும் சந்தோஷம், உனக்கும் கரைச்சல் இல்லை."

"அப்ப பிள்ளை எதைப் படிக்கும் அண்ணை? நோவை ஒளிக்கிறதை ஏற்கெனவே படிச்சிட்டாள். இனி இதையும் படிக்கட்டோ?"



வீக்கம் வற்றினதும் மூன்று பேரும் என் ஓட்டோவில் யாழ்ப்பாணம் போனோம். பண்ணைப் பாலத்தில் காற்று ஓட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. யூலியட் பின்னால் பிள்ளையின் கையைப் பிடித்தபடியே வந்தாள்.

விளையாட்டுச் சாமான் கடைக்காரப் பெடியன் நல்ல வாய்க்காரன். எங்களைக் கண்டதும் இருபத்தாறு இஞ்சி ஒன்றை எடுத்து நீட்டினான். ஊதா நிறம், பிடியில் மினுக்கம். அன்ரனிட்டாவின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

"வளர்ற பிள்ளையெல்லே அக்கா. கொஞ்சம் பெரிசா எடுங்கோ. ரெண்டு வருஷத்துக்குக் காணும்."

"தம்பி, அவள் இண்டைக்கு அடிக்கிறதுக்குத்தான் எடுக்க வந்தனாங்கள்."

ரீச்சர் காட்டின மாதிரியே பிள்ளையைக் கையைக் கீழே விடச் சொன்னாள். ஊதாவின் தலை நிலத்தில் இடித்தது. முழங்கை மடிந்தது.

"அம்மா, நான் கையை இறுக்கமா வைச்சா மடியாது."

"இறுக்காத. சும்மா விடு."

மடிந்தது.

இருபத்தைந்து இஞ்சியில் ஒன்றுதான் கிடந்தது. சாணிப் பச்சை. எந்தப் பிள்ளையும் விரும்பாத நிறம். அதன் தலை நிலத்தை மெல்லத் தொட்டு நின்றது, முழங்கை நேராக இருந்தது. யூலியட் பிள்ளையைக் கடைக்கு வெளியே கூட்டிப்போய், ஆட்கள் போய்வருகிற தெருவோரத்தில் நிறுத்தி, வீசிக்காட்டச் சொன்னாள். சைக்கிளில் வந்த ஒருவர் பயந்து காலை ஊன்றினார். "அக்கா, அது விக்கிறதுக்கு வைச்சிருக்கிறது!" என்று பெடியன் கத்திக்கொண்டு வந்தான்.

"அடிச்சுப் பாக்காம எப்பிடித் தம்பி எடுக்கிறது? இன்னும் வீசு பிள்ளை. நோகுதோ?"

"இல்லை. ஆனா நிறம் வடிவில்லை அம்மா."

"பந்துக்கு நிறம் தெரியாது."

பிள்ளை அழுகிற முகத்தோடுதான் ஓட்டோவில் ஏறினாள். திரும்பும் வழியில் வேலணை தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். மடியில் கிடந்த றக்கெற்றின் நரம்பில் விரலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான போட்டி மழைக்கு முன் நடந்தது. அன்று யூலியட் கரைக்குப் போகவில்லை. றஜீவன் அதுவரை அவளோடு கதைக்கவில்லை. அவளே வீடியோ கோல் எடுத்து, "எடுத்திட்டான்" என்று போனை என்னிடம் தந்தாள்.

"அண்ணை, ஒண்டையும் மறைக்காதையுங்கோ. றக்கெற் தெரியத்தக்கதாப் பிடியுங்கோ" என்றாள்.

பிடித்தேன். அந்தப் பச்சை றக்கெற் திரையில் நன்றாகத் தெரிந்தது. எதிரே நின்ற யாழ்ப்பாண ரவுண் பிள்ளை அன்ரனிட்டாவைவிட ஒரு தலை உயரம். முதலில் அவள்தான் புள்ளி எடுத்துக்கொண்டே போனாள். பிறகு அன்ரனிட்டா ஒரு பந்தைக் கோட்டோரமாய்த் திருப்பிவிட்டாள். மற்றப் பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றாள். நான் துள்ளிவிட்டேன்.

போனுக்குள் இருந்து றஜீவனின் சத்தம் வந்தது. "அண்ணை! போனை ஆட்டாமப் பிடியுங்கோ. ஒண்டும் தெரியேல்லை!"

இடைவேளைக்குப் பிள்ளை கம்பிவேலிக்கு ஓடி வந்தாள். அப்போதும் புள்ளியில் பின்னுக்குத்தான் நின்றாள். யூலியட் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்கவில்லை. கம்பிக்குள்ளால் கையை விட்டு மகளின் மணிக்கட்டைப் பிடித்து, பெருவிரலால் அமத்திப் பார்த்தாள்.

"நோகுதோ?"

"இல்லை."

"உண்மையாச் சொல்லு."

"கொஞ்சமும் இல்லை அம்மா. சத்தியமா."

யூலியட் கையை விட்டாள்.

"அப்ப போய் அடி."